லஷ்கரில் முதலியார், சைகோனில் மாரியம்மன்

ஹைதராபாதுக்குப் பொட்டி தட்ட வரும் நம்ம ஆட்கள் வீடு தேடும்போது முதலில் கேட்பது, "தமிழ்க்காரங்க எந்த ஏரியாவுல இருக்காங்க?" என்றுதான். கிடைக்கும் பதில் பெரும்பாலும் செகந்திராபாத் பக்கம், அதிலும் பத்மாராவ் நகர். நானும் அப்படித்தான் இங்கே வந்து சேர்ந்தேன். ஹைடெக் சிட்டி ஒரு மூலையில் இருக்க, தமிழ் மட்டும் ஏன் இந்த மூலையில்? விடை இருநூறு வருஷத்துக்கு முந்தைய ஓர் ஒப்பந்தத்தில் இருக்கிறது.

1798-ல் நிஜாம் அலி கான் கிழக்கிந்தியக் கம்பெனியோடு துணைப்படை ஒப்பந்தம் போட்டார். அவரிடமிருந்த, பிரெஞ்சு அதிகாரிகள் நடத்திய படை கலைக்கப்பட்டது. கம்பெனிப் படை உசேன் சாகர் ஏரிக்கு வடக்கே கூடாரம் அடித்தது. 1806-ல் மூன்றாம் நிஜாம் சிக்கந்தர் ஜாவின் பெயரால் அந்த இடம் செகந்திராபாத் ஆனது. ஊர்க்காரர்களுக்கு அது 'லஷ்கர்', அதாவது படை. ஆஷாட மாதத்தில் இங்கே நடக்கும் போனாலு திருவிழாவுக்கு இன்றைக்கும் 'லஷ்கர் போனாலு' என்றுதான் பெயர்.

வந்தது சென்னை ராஜதானிப் படை. சிப்பாய் மட்டும் தனியாக வருவானா? சரக்கு சப்ளை செய்யும் காண்டிராக்டர், கணக்கு எழுதும் குமாஸ்தா, கடைக்காரர் எல்லாரும் பின்னாலேயே வந்தார்கள். முதலியார் குடும்பங்கள் பல இப்படி வந்தவைதான். பத்மாராவ் நகர் என்ற பெயரே திவான் பகதூர் பத்மாராவ் முதலியாருடையது. 'ராவ்' என்பதைப் பார்த்து ஆந்திராக்காரர் என்று நினைத்தவர்கள் நிறைய பேர் :-)

இவர்களில் எனக்குப் பிடித்தவர் சோமசுந்தரம் முதலியார். 1862-ல் அவர் இங்கே ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார். பின்னாளில் ஆறாம் நிஜாம் மகபூப் அலி கானின் பெயரைத் தாங்கி அது மகபூப் கல்லூரி ஆனது. சிகாகோ போவதற்குச் சில மாதம் முன்பு, 1893 பிப்ரவரி 13 அன்று, விவேகானந்தர் ஆயிரம் பேருக்கு மேல் கூடிய சபையில் பேசியது அங்கேதான்.

அதே 1862-ல்தான் சைகோனையும் அதைச் சுற்றிய மூன்று மாகாணங்களையும் பிரான்ஸ் ஒப்பந்தம் போட்டு வாங்கிக்கொண்டது. புதுச்சேரி, காரைக்கால் தமிழர்கள் பிரெஞ்சு அரசு உத்தியோகத்துக்குக் கப்பலேறினார்கள். நகரத்தார் வட்டிக்கடை வைத்தார்கள், முருகனுக்குக் கோயில் கட்டினார்கள். தமிழ் முஸ்லிம்கள் ஜவுளி விற்றார்கள், பள்ளிவாசல் எழுப்பினார்கள். இங்கே ஆங்கிலேயனின் படை, அங்கே பிரெஞ்சுக்காரனின் ஆபீஸ். மற்றபடி ஒரே கதைதான்.

ஆனால் முடிவு வேறு. ஆபீஸ் ஆணி பிடுங்க சில வாரம் அந்த ஊரில் (இன்று ஹோ சி மின் நகரம்) தங்கியிருந்தேன். பென் தான் சந்தை பக்கம் அறை. மோட்டார் சைக்கிள் வெள்ளத்தைக் கடந்து ட்ருவோங் டின் தெருவுக்குப் போனால், நம்ம மாரியம்மன்! 1954-ல் பிரெஞ்சு ஆட்சி போனது, 1975-ல் போர் முடிந்தது. நகரத்தார் ஏறக்குறைய எல்லாருமே ஊர் திரும்பிவிட்டார்கள். அம்மனோ அங்கேயே இருக்கிறாள். ஊதுபத்தி ஏற்றிக் கும்பிடுபவர்களில் பெரும்பாலோர் வியட்நாமியர்கள். கோயில் சுவரில் முகம் பதித்து, வேண்டுதலைத் தங்கள் மொழியில் அவளிடம் கிசுகிசுக்கிறார்கள். அவளுக்குப் புரியாமலா போகும்?

செகந்திராபாதில் மக்கள் தங்கிவிட்டார்கள். தமிழ்தான் மெல்லக் கரைகிறது. எங்கள் தெருவின் பழைய வீடுகளில் பாட்டிகள் தமிழில் திட்ட, பேரன்கள் தெலுங்கில் பதில் சொல்கிறார்கள். நம் வீட்டிலும் அது நடக்கும், சில வீடுகளில் ஏற்கெனவே நடக்கிறது. மனசு வலிக்கத்தான் செய்கிறது.

இருந்தாலும் இரண்டு ஊரையும் பார்த்தபின் எனக்குத் தோன்றுவது இதுதான். வந்த இடத்தில் நமக்காக மட்டும் வைத்துக்கொண்டது நம்மோடு கிளம்பிவிடுகிறது. உள்ளூர்க்காரர்களும் உள்ளே வந்து உட்கார்ந்தது நிற்கிறது. முதலியாரின் பள்ளிக்கூடம் தமிழ்ப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று இருந்திருந்தால், நூற்றி அறுபது வருஷம் தாண்டியும் ஊர் அதைப் பற்றிப் பேசுமா?

ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளுக்குத் தமிழ் வகுப்பு நடத்துகிறீர்களா? ரொம்ப நல்லது. விடாமல் நடத்துங்கள். பக்கத்து வீட்டுத் தெலுங்குக் குழந்தைக்கும் ஒரு பாய் சேர்த்துப் போடுங்கள்.