பொக்கன்னாக் மாளிகையும் கொல்லூர் வைரமும்

இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியிலுள்ள கார்ன்வாலில் பொக்கன்னாக் என்னும் பழம்பெரும் நாட்டுப்புற மாளிகை உள்ளது. 1644இல் உள்நாட்டுப் போரின்போது மன்னர் முதலாம் சார்லஸ் இங்குத் தங்கினார். பிற்காலத்தில் இதன் உரிமையாளராயிருந்த மோகன் பிரபு 1712இல் ஹாமில்டன் கோமகனோடு வாட்போர் புரிந்து மாண்டார். அவருடைய கைம்பெண்ணிடமிருந்து 1717இல் 54,000 பவுன் கொடுத்து மாளிகையை வாங்கியவர் தாமஸ் பிட். சென்னை வரலாறு பயின்றோர்க்கு இப்பெயர் புதியதன்று.

கிழக்கிந்தியக் கம்பெனியின் தனியுரிமையை மீறி வாணிகம் செய்து தண்டம் கட்டிய இவரையே அக்கம்பெனி பின்னர்ப் புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக்கியது. 1698 முதல் 1709 வரை அப்பதவியில் இருந்தார். 1702இல் முகலாயத் தளபதி தாவூத் கான் சென்னையை முற்றுகையிட்டபோது எதிர்த்து நின்றவரும் இவரே.

கிருஷ்ணைக் கரையிலுள்ள கொல்லூர்ச் சுரங்கத்தில் கிடைத்த 410 காரட் வைரம் ஒன்றை ஜம்சந்த் என்னும் வணிகர் இவரிடம் கொணர்ந்தார். இரண்டு இலட்சம் வராகனில் தொடங்கிய பேரம் 48,000 வராகனில் முடிந்தது. 1702இல் தம் மகன் ராபர்ட்டிடம் கொடுத்து அக்கல்லை இங்கிலாந்துக்கு அனுப்பினார் பிட். பட்டை தீட்டியபின் ஏறத்தாழ 140 காரட் எஞ்சியது. 1717இல் பிரான்சின் ஆட்சிப் பொறுப்பாளரான ஆர்லியன்ஸ் கோமகன் அதனை 1,35,000 பவுனுக்கு வாங்கினார். 'ரீஜென்ட்' என்று பெயர் பெற்ற அவ்வைரம் 1887 முதல் லூவர் அருங்காட்சியகத்துக்கு உரியது. அதை விற்ற ஆண்டிலேயே பொக்கன்னாக்கும் பிட்டின் கைக்கு வந்தது.

செல்வம் செல்வாக்கை வளர்த்தது. பிட்டின் பேரர் மூத்த வில்லியம் பிட் 1766இல் பிரதமரானார். அவர் மைந்தர் இளைய பிட் 1783இல், தம் 24ஆம் வயதில், அப்பதவியேற்றார். கம்பெனியின் இந்திய ஆட்சியை அரசின் மேற்பார்வைக்குள் கொணர்ந்த 1784ஆம் ஆண்டுச் சட்டம் இவர் பெயராலேயே வழங்குகிறது. மாளிகையோ குடும்பத்தின் மற்றொரு கிளையில் தங்கியது. அக்கிளையின் இறுதி ஆண்வாரிசான கேமல்போர்டு பிரபு 1804இல் வாட்போரில் உயிரிழந்தார். உரிமை அவர் தமக்கை ஆனுக்குச் சென்றது. இவ்வம்மையாரின் கணவர் கிரென்வில் பிரபு பிரதமராயிருந்தபோதுதான் அடிமை வாணிகத்தை ஒழித்த 1807ஆம் ஆண்டுச் சட்டம் நிறைவேறியது. 1864இல் ஆன் மறைந்தபின் மாளிகை போர்ட்டெஸ்க்யூ குடும்பத்தைச் சேர்ந்தது.

வைரம் வந்த வழி குறித்துப் பிட்டின் காலத்திலேயே ஐயம் எழுந்தது. 1710இல் தாயகம் திரும்பும் வழியில், நார்வே நாட்டுப் பெர்கன் நகரில், தாம் அதனை நேர்மையாகவே விலைகொடுத்து வாங்கியதாக அவர் உறுதிமொழி எழுதி வைத்தார். சுரங்க அடிமை ஒருவன் காலைக் கீறிப் புண்ணுள் கல்லை ஒளித்து வந்தான் என்றும், கப்பல் தலைவன் ஒருவன் அதைப் பறித்துக்கொண்டு அவனைக் கொன்றான் என்றும் ஒரு கதை பின்னர்ப் பரவியது. அதற்குச் சான்றில்லை. ஆயினும் அக்கதையில் மட்டுமே சுரங்கத்தில் உழைத்தவனுக்கு ஓர் இடம் கிடைக்கிறது என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

விற்றவர் பெயரும் வாங்கியவர் பெயரும் ஏட்டில் உள்ளன. வராகன் கணக்கும் உள்ளது. அகழ்ந்தெடுத்தவனின் பெயரோ, அவன் பெற்ற கூலியோ அவ்வேட்டில் இல்லை. பொக்கன்னாக்கின் வரலாற்றை எழுதுவோர் கொல்லூருக்கும் அதில் ஓர் அதிகாரம் ஒதுக்குவாராயின், அவ்வரலாறு முழுமை பெறும் என்பது நம் துணிபு.