டிராக்டர் பின்தகடு

மண் சாலையைச் சீவிச் சமப்படுத்த டிராக்டரின் பின்புறம் மாட்டப்படும் எஃகுத் தகடே பின்தகடு. இதற்கெனத் தனி எஞ்சின் கிடையாது. டிராக்டர் இழுக்கும் விசையும் தகட்டின் சொந்த எடையும் போதும். மலேசியாவில் ஜொகூர் மாநிலத்தின் குளுவாங் மாவட்டத்திலுள்ள காஹாங் போன்ற செம்பனை வட்டாரங்களுக்குப் பொருத்தமான கருவி இது. பெரிய சாலைச் சமன்பொறியை அடிக்கடி வரவழைக்க முடியாத இடங்களில் இது கைகொடுக்கிறது.

காஹாங் பட்டணம் பத்து பஹாட்டிலிருந்து குளுவாங் வழியாக மெர்சிங் செல்லும் 50ஆம் எண் கூட்டரசுச் சாலையில் இருக்கிறது. பட்டணத்தைச் சுற்றி காஹாங் தீமோர், காஹாங் பாராட் ஆகிய, அரசு நில மேம்பாட்டு அமைப்பான பெல்டாவின் குடியேற்றத் திட்டங்களும் செம்பனைத் தோட்டங்களும் உள்ளன. வடக்கே எண்டாவ்-ரொம்பின் தேசியப் பூங்காவின் வாயிலான கம்போங் பெத்தாவுக்குப் போகும் பாதை ஏறத்தாழ 56 கி.மீ. நீளம் கொண்டது. தோட்டங்களையும் காட்டையும் ஊடுருவிச் செல்லும் அந்தப் பாதையில் நாற்சக்கர இயக்கமுள்ள வண்டியில்தான் நம்பிப் போகலாம். கூட்டரசுச் சாலைக்குத் தார் உண்டு. அதிலிருந்து பிரிந்து உள்ளே போகும் தோட்டச் சாலைகளில் பெரும்பாலானவை செம்மண்ணும் சரளையும் கொட்டி இறுக்கியவை.

சாலை கெட்டால் இங்கே முதலில் கெடுவது பழம். அறுத்த செம்பனைக் குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குக் கொண்டுசேர்க்க வேண்டும் என்பது தோட்டங்களின் பொது நடைமுறை. பழத்தின் சதையிலுள்ள லைபேஸ் என்ற நொதி, காயம் பட்டதும் எண்ணெயை உடைத்துக் கட்டற்ற கொழுப்பு அமிலமாக மாற்றத் தொடங்கும். கச்சா எண்ணெயில் அந்த அமிலம் 5 விழுக்காட்டைத் தாண்டினால் விலை குறையும். ஆகவே குழி விழுந்த சாலை இரண்டு விதத்தில் நட்டம் தருகிறது: லோரி தாமதமாகிறது, அதோடு ஒவ்வொரு குலுக்கலிலும் பழம் நசுங்குகிறது. இந்த இரண்டாவது நட்டம் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் தனியாக எழுதப்படுவதில்லை. அதனாலேயே சாலைச் செலவு முதலில் வெட்டப்படும் செலவாகிவிடுகிறது. இது தவறான சிக்கனம்.

பழத்தின் அளவும் பழைய அளவல்ல. கேமரூனிலிருந்து கொண்டுவந்த மகரந்த வண்டு 1981-ல் இதே குளுவாங் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டத்தில் விடப்பட்டது. அதற்கு முன் மகரந்தத்தை ஆட்கள் மரம் மரமாகப் போய்த் தூவ வேண்டியிருந்தது. வண்டு அந்த வேலையைத் தானே எடுத்துக்கொண்டது, குலைகளில் காய்ப்பிடிப்பும் கூடியது. கூடிய எடையை இந்த மண் சாலைகள்தாம் சுமக்கின்றன.

கிழக்கு ஜொகூரில் நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவமழை. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் பெய்த பெருமழையில் குளுவாங் உட்பட மாநிலத்தின் பல மாவட்டங்கள் வெள்ளத்தில் மூழ்கின. ஆனால் சாலையை அழிக்க வெள்ளம் வர வேண்டியதில்லை. சக்கரம் அழுத்தி அழுத்தி இரண்டு தடங்கள் பள்ளமாகின்றன. நடுவிலும் ஓரத்திலும் மண் மேடிட்டு நிற்கிறது. மழைநீர் வடிகாலுக்குப் போக வழியில்லாமல் அந்தத் தடத்திலேயே ஓடுகிறது அல்லது தேங்குகிறது. ஊறிய இடத்தில் அடுத்த லோரி ஏறும்போது குழி பிறக்கிறது. தகட்டின் வேலை குழியை மூடுவது என்று பலர் நினைக்கிறார்கள். மூடிய குழி அடுத்த மழையிலேயே திறந்துகொள்ளும். நீர் இருபுறமும் வழிந்தோடும்படி சாலையின் நடுவை மீண்டும் உயர்த்துவதே அதன் உண்மையான வேலை. 5 மீட்டர் அகலச் சாலையில் நடுப்பகுதி ஓரத்தைவிட 10 முதல் 15 செ.மீ. உயர்ந்து, ஆமை முதுகாக இருக்க வேண்டும்.

தகட்டை டிராக்டரோடு சேர்ப்பது மும்முனை இணைப்பு. கீழே இரண்டு தூக்குக் கைகள், மேலே நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் ஒரு தண்டு. கீழ்க்கைகளை நீரழுத்த விசை ஏற்றி இறக்கும். வட அயர்லாந்தைச் சேர்ந்த ஹாரி பெர்குசன் 1926-ல் காப்புரிமை பெற்ற அமைப்பிலிருந்து வளர்ந்தது இது. 1939-ல் போர்டு 9என் டிராக்டரிலும் 1946-ல் பெர்குசனின் டிஇ20 டிராக்டரிலும் இடம்பெற்று உலகெங்கும் பரவியது. அதற்கு முன், இழுத்துவந்த கலப்பை கல்லிலோ வேரிலோ மாட்டினால் டிராக்டரின் முன்பக்கம் தூக்கி, ஓட்டுநர் மேலேயே கவிழ்ந்துவிடுவதுண்டு. மேல் தண்டு அந்த விசையை முன்னோக்கித் தள்ளி, முன்சக்கரங்களைத் தரையில் அழுத்தி வைத்தது. பல உயிர்களைக் காத்த தண்டு என்று இதைச் சொல்லலாம்.

வேலைக்கு ஏற்ற நேரம் மழை விட்டு ஓரிரு நாள் கழித்து, மண்ணில் ஈரம் இருக்கும்போதே. காய்ந்த மண்ணைச் சீவினால் புழுதியும் உதிரிக் கல்லும்தான் மிஞ்சும், அவை மறுபடி ஒட்டா. சேறாக இருக்கும்போது இறங்கினால் டிராக்டரே புதுத் தடம் போட்டுவிடும். தகட்டை 30 முதல் 45 பாகை வரை சாய்வாகத் திருப்பி, வலது தூக்குக் கையிலுள்ள திருகைச் சுழற்றி ஒரு முனையைத் தாழ்த்துகிறார்கள். தாழ்ந்த முனை சாலை ஓரத்தில் மண்ணைச் சீவும். சீவிய செம்மண் தகட்டின் வளைவில் சுருண்டு உருண்டு மறுமுனை வழியாக நடுவை நோக்கி நீளமான வரப்பாக விழுந்துகொண்டே வரும். ஓட்டுநர் ஒரு கையில் ஸ்டீரிங்கும் மறு கையில் தூக்குநெம்பும் பிடித்து, உடலைப் பாதி திருப்பித் தகட்டையே பார்த்தபடி நடக்கும் வேகத்தில் போவார். தகடு கல்லைத் தொட்டால் இரும்பு கீறும் ஓசை கேட்கும், உடனே நெம்பை ஒரு விரல்கடை உயர்த்துவார். இரு ஓரங்களிலிருந்தும் சீவிய மண் நடுவில் சேர்ந்ததும் அதைப் பரப்பி, உருளை விட்டு இறுக்க வேண்டும். உருளை விடாமல் விட்ட சாலை முதல் மழையிலேயே வடிகாலுக்குள் இறங்கிவிடும்.

சாலைச் சமன்பொறியில் தகடு முன்பின் சக்கரங்களுக்கு நடுவே இருப்பதால் மேடுபள்ளம் பாதியாகக் குறைந்து தெரியும். பின்தகட்டுக்கு அந்த வசதி இல்லை. முன்சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் பின்னால் தகடு எழும்பும், முன்சக்கரம் மேடேறினால் தகடு தரையைக் குத்தும். வேகமாக ஓட்டினால் சாலை முழுதும் அலை அலையாகிவிடும். தகட்டுக்குப் பின்னால் தாங்குசக்கரம் பூட்டினால் இந்தக் குறை பெருமளவு தீரும். தகட்டை முழுவதுமாகத் திருப்பி, பின்னோக்கி ஓட்டி மண்ணைத் தள்ளவும் முடியும். ஆனால் தூக்குக் கைகள் இழுப்பதற்காக வடிவமைக்கப்பட்டவை. கெட்டிப்பட்ட மண்ணைப் பின்னோக்கி முட்டினால் அவை வளைந்துவிடும்.

இதே மும்முனை இணைப்பில் கனடாவிலும் ஸ்காண்டிநேவிய நாடுகளிலும் பனிவாரியைப் பூட்டுகிறார்கள். இந்தப் பனிவாரிகள் டிராக்டரின் பின்புறத்தில் பொதுவாக நிமிடத்துக்கு 540 சுற்று சுழலும் விசைத்தண்டிலிருந்து விசை எடுத்து, திருகு அலகால் பனியை உள்ளிழுத்து, விசிறியால் குழாய் வழியே தூரத்தில் வீசுகின்றன. கல் மாட்டினால் கருவிக்குப் பதிலாக விலை குறைந்த ஆணி ஒன்று முறியும்படி அமைத்திருப்பார்கள். பண்ணைவீட்டு நெடும்பாதையில் இதை வைத்து ஓட்டுபவர் பெரும்பாலும் பின்னோக்கியே போவார், ஏனென்றால் சக்கரம் ஏறிய பனி கல்லாக இறுகிவிடும், அதன்பின் அதை வாருவது பெரும்பாடு. காஹாங்கில் கதை நேர்மாறு: சக்கரம் முன்னே போய் மண்ணை அழுத்திக் கொடுக்கிறது, தகடு பின்னே வந்து சீவுகிறது. அதனால் இங்கே ஓட்டம் முன்னோக்கி.

விசைத்தண்டில் இயங்கும் புல்வெட்டியும் சாலைக்கு உதவும் கருவிதான். ஓரப் புல் உயர்ந்தால் நீர் வடிகாலை எட்டாமல் சாலையிலேயே நிற்கும். செம்பனை மட்டைகள் சாலைக்கு மேல் கவிந்தால் வெயில் விழாது, மண் நாள்கணக்கில் உலராது. ஓர மட்டைகளை வெட்டி வெயிலை விடுவது, ஒரு லோரிச் சரளை கொட்டுவதைவிடப் பலன் தரும்.

தகட்டின் கீழோரத்தில் மரையாணியால் பூட்டிய வெட்டும் பட்டை தனியாகக் கழலும். ஒரு பக்கம் தேய்ந்ததும் அதைத் தலைகீழாகத் திருப்பி மாட்டலாம். இரு பக்கமும் தேய்ந்த பிறகும் மாற்றாமல் ஓட்டினால் தகடே தேயத் தொடங்கும், அதைச் சரிசெய்யப் பட்டறையில் வெல்டிங் வைக்க வேண்டிவரும். பருவமழைக்கு முந்தைய அக்டோபரில் பட்டையையும், தகட்டின் கோணத்தைப் பூட்டும் சுழற்சி ஆணியையும் பார்த்துவிடுவது நல்லது. டிராக்டரை நிறுத்தும்போது தகட்டைத் தரையில் இறக்கியிருக்க வேண்டும். தூக்கிய நிலையில் நிற்கும் தகட்டின் கீழே யாரும் கையோ காலோ நீட்டக்கூடாது, நீரழுத்தக் குழாய் எந்த நேரமும் விட்டுவிடலாம்.