ஓயாமையும் முறைமையும்

இடையறாது நிகழ்வது ஒன்று. இடைவிட்டு முறையாக மீள்வது மற்றொன்று. முன்னதை 'ஓயாது' என்றும், பின்னதை 'நாள்தோறும்', 'திங்கள்தோறும்' என்றும் வழங்குகிறோம். ஆறு ஓடும், ஞாயிறு எழும் என முக்காலத்துக்கும் பொதுவான இயல்பைச் 'செய்யும்' என்னும் வாய்பாட்டால் கூறுமாறு தொல்காப்பியம் விதித்தது. 24 நிமிடம் கொண்ட நாழிகை அறுபதாக நாளைப் பகுத்தனர் நம் முன்னோர்.

தமிழர் பலர் வாழும் பெங்களூர் ஸ்ரீராம்புரத்தின் சுற்றுப்புறங்களில் ஆலைகள் பெருகியபோது இச்சொற்கள் புதுப்பொருள் பெற்றன. அவ்வாலைகளுள் புகழ்பெற்றது, 1884இல் தோன்றிப் பின்னி நிறுவனத்தின் பொறுப்பில் வளர்ந்ததாகும். நாழிகையின் இடத்தை ஆலைச் சங்கு கொண்டது. முறைவேலை 'ஷிப்டு' ஆயிற்று. எந்திரம் ஓயாது சுழலலாம். தொழிலாளிக்கு அஃது இயலுமோ? 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் இதற்கு விடை தந்தது. வாரத்திற்கு 48 மணியே வேலை. தொடர்ந்து 5 மணிக்கு மேல் உழைத்தலாகாது. இடையே அரைமணி ஓய்வு. வாரந்தோறும் ஒருநாள் விடுமுறை. 'தொடர்ந்து' என்பதற்கு எல்லையும், 'தோறும்' என்பதற்கு உரிமையும் அன்று வகுக்கப்பட்டன.

பின்னி ஆலையின் சங்கு ஓய்ந்துவிட்டது. 2014 முதல் ஸ்ரீராம்புரம் நிலையத்திற்கு மெட்ரோ வண்டி முறை தவறாது வந்து செல்கிறது. அதில் வேலைக்குச் செல்வோர்க்கும் அவ்விரு சொற்களின் வேறுபாடு இன்றியமையாததேயாம்.