நிறம் போகும், உப்பு போகாது

சாயக் கழிவுநீரை பிளாஸ்மா வைத்து சுத்தம் செய்யலாம் என்று படிக்கும்போது புத்தம்புது விஷயம் போலத் தோன்றும். ஆனால் கதை 1857-லேயே ஆரம்பிக்கிறது. மின்சாரத்தைக் காற்று வழியாகப் பாய்ச்சி ஓசோன் தயாரிக்கும் குழாயை வெர்னர் வான் சீமென்ஸ் அப்போது செய்துவிட்டார். 1906-ல் பிரான்சின் நீஸ் நகரம் குடிநீரையே ஓசோனால் சுத்தம் செய்தது. பிளாஸ்மாவும் அந்த வழியில் வந்ததுதான். அதில் உண்டாகும் ஓசோன், ஹைட்ராக்சில் போன்றவை சாய மூலக்கூறை உடைக்கும், நிறம் மறையும்.

ஆனால் கரைந்த உப்பு அப்படியே இருக்கும். திருப்பூரில் துணியில் சாயம் ஏற உப்பு போடுகிறார்கள். நம் பக்கம் பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்பு. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை டேனரிகளில் தோலைக் கழுவினால் அந்த உப்பு முழுக்கத் தண்ணீரில். அது போய்ச் சேர்ந்த இடம் பாலாறு.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-ல் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 28-8-1996 அன்று தீர்ப்பு சொன்னது. 1 கிலோ தோலுக்கு சுமார் 35 லிட்டர் தண்ணீர், சுமார் 170 வகை ரசாயனம், பயிருக்கு ஓரளவோ முழுதாகவோ உதவாமல் போன நிலம் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர்... எல்லாம் தீர்ப்பிலேயே இருக்கிறது. கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்திய சட்டத்தில் நிலைபெற்றதில் இந்த வழக்குக்குப் பெரிய பங்கு. சட்டம் படிப்பவர்கள் எல்லோருக்கும் வேலூர் பெயர் தெரிவது இதனால்தான்!

பிறகு கணக்கு. (காமர்ஸ்காரன் இதை விடுவேனா?) இழப்பீட்டு ஆணையம் 2001-ல் 547 டேனரிகள் 29,193 பேருக்குச் சுமார் 26.82 கோடி ரூபாய் தர வேண்டும் என்றது. வகுத்துப் பாருங்கள், தலைக்கு 9,200 கூட வராது. கிணறு உப்பாகிப் போன ஒரு விவசாயிக்கு இது எந்த மூலைக்கு?

உப்பைப் பிரிக்க ஆர்.ஓ.வும் ஆவியாக்கியும் வேண்டும், இரண்டும் மின்சாரத்தைக் குடிக்கும். பிளாஸ்மாவைச் சேர்த்தால் இன்னொரு கரண்ட் பில், அவ்வளவுதான்.

30-1-2025 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடி உத்தரவு போட்டது: இழப்பீடு இன்னும் கிடைக்காதவர்களுக்கு ஆறு வாரத்தில் அரசு கொடுக்க வேண்டும், அந்தப் பணத்தை மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்க வேண்டும். ஏற்கெனவே கணக்கிட்ட அதே இழப்பீடு.