போர்ட் லூயிஸ் சந்தையில் பீர்க்கங்காயின் வயது

(நீண்ட பதிவு. மொழித்தொடர்பு குறித்து ஆராயும் மாணவர்களுக்குப் பயன்படலாம்.)

மொரீஷியஸ் தலைநகர் போர்ட் லூயிஸின் மையச் சந்தை துறைமுகத்தை ஒட்டியது. அதன் இரும்பு வாயிலில் விக்டோரியா அரசியின் பெயருக்குரிய முதலெழுத்துகள் இன்றும் உள்ளன. உள்ளே நுழைந்தால் கீழ்த்தளம் முழுவதும் காய்கறி, கீரை, பழம். மேலே சுற்றுலாப் பயணியருக்கான கூடைகளும் துணிகளும். ஓரத்தில் மூலிகைக் கசாயப் பொட்டலம் விற்போர், சற்றுத் தள்ளி அலூதா என்னும் பால்பானக் கடைகள். பயண நூல்கள் இவற்றையெல்லாம் வண்ணமயமாக எழுதியுள்ளன. நான் அவற்றோடு போட்டியிடப் போவதில்லை. அந்தச் சந்தையில் என்னை நெடுநேரம் நிறுத்திவைத்தவை காய்களின் பெயர்கள்.

ஒரு கீரைக்கட்டைக் காட்டிப் பெயர் கேட்டால் 'பிரெட் முரூம்' என்கிறார்கள். அது முருங்கைக் கீரை. பீர்க்கங்காய் 'பிபாங்காய்'. கொத்தமல்லி 'கோத்தோமிலி'. கறிவேப்பிலை 'கறிபிலே'. தக்காளி சேர்த்துச் செய்யும் குழம்பு வகை 'ருகாய்'. இதன் மூலம் நம் 'ஊறுகாய்' என்பதே சொல்லாய்வாளர் பலரும் ஏற்கும் கருத்து. சமையலறைக்குள் சென்றால் 'ரஸோன்' உண்டு, அது ரசம். இவற்றைச் சொல்பவர் தமிழ் வழித்தோன்றலாக இருக்க வேண்டியதில்லை. ஆப்பிரிக்க, சீன, போஜ்புரி, பிரெஞ்சு வழியினர் எவரும் கிரியோல் மொழியில் இப்படித்தான் சொல்வர். என்னிடம் 'பிபாங்காய்' விற்ற மூதாட்டியை ஊர் வழக்கப்படி 'தாந்தின்' என்று அழைத்து, இச்சொல் எம்மொழியினது என்று கேட்டேன். "கிரியோல்தான், வேறென்ன?" என்றார். அவ்விடை சரியானது. முந்நூறு ஆண்டுகளாக ஒரு மொழிக்குள் வாழும் சொல் அம்மொழியின் சொல்லே.

முந்நூறு ஆண்டுகள் என்று எழுதிவிட்டேன். அதற்குச் சான்று உண்டா என்பதே இப்பதிவின் கேள்வி. மொரீஷியஸில் தமிழர் என்றவுடன் நம் பாடநூல்களும் மேடைப்பேச்சுகளும் ஒப்பந்தக் கூலிமுறையிலிருந்து தொடங்குகின்றன. 1834 நவம்பர் 2 அன்று 'அட்லஸ்' என்னும் கப்பல் கல்கத்தாவிலிருந்து 36 தொழிலாளரைக் கொண்டுவந்தது. 1835 பிப்ரவரி 1 அன்று அடிமைமுறை சட்டப்படி நீங்கியது. தொடர்ந்து ஏறத்தாழ நாலரை இலட்சம் இந்தியர் வந்தனர். 1849இல் கட்டத் தொடங்கிய குடியேறிகள் கிடங்கு இன்று 'ஆப்ரவாசி காட்' என்ற பெயரில் 2006 முதல் உலகப் பாரம்பரியச் சின்னமாக உள்ளது. சந்தையிலிருந்து சில நிமிட நடை. இடம் அவ்வளவு அருகில் இருப்பதாலேயே, சந்தையின் சொற்களும் அந்தப் படிகளில் ஏறி வந்தவை என்று எண்ணத் தோன்றுகிறது.

சொற்களை அடுக்கிப் பார்த்தால் அந்த எண்ணம் தடுமாறுகிறது. ஒப்பந்தத்தில் வந்தோருள் பெரும்பான்மையினர் கல்கத்தா வழியே வந்த போஜ்புரி மொழியினர். சென்னைத் துறைமுகம் வழியே வந்தோர் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே. காய்கறிப் பெயர்கள் கூலிமுறைக் காலத்தில்தான் உருவாயின என்றால் போஜ்புரிச் சொற்களே மேலோங்கியிருக்க வேண்டும். உண்மையில் போஜ்புரியின் பெரும்பங்களிப்பு தெருவில் விற்கும் 'தால் பூரி' போன்ற பண்டங்களில் தெரிகிறது. அன்றாடக் காய்களின் பெயர்களில் போர்ச்சுக்கீசியமும் மலகாசியும் தமிழும் நிற்கின்றன. கத்தரிக்காய் 'பிரிஞ்சேல்', கீரைக்குப் பொதுப்பெயர் 'பிரெட்'. இரண்டும் போர்ச்சுக்கீசிய வேர். சேம்பு 'சோன்ஜ்', அது மடகாஸ்கரின் மலகாசி மொழி. அக்காய்களைச் சுமக்கும் ஓலைக்கூடையான 'தாந்த்' என்பதும் மலகாசிதான். இக்கலவை பத்தொன்பதாம் நூற்றாண்டின் கரும்புத் தோட்டத்தைக் காட்டிலும் பதினெட்டாம் நூற்றாண்டின் பிரெஞ்சுக் குடியேற்றத்தையே நினைவூட்டுகிறது. போர்ச்சுக்கீசியச் சொற்கள் இந்தியப் பெருங்கடல் வணிக வழக்கின் எச்சம். மலகாசிச் சொற்கள் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டோருடையவை. அவற்றின் அருகில் தமிழ் என்ன செய்கிறது?

டச்சுக்காரர் 1710இல் கைவிட்ட தீவைப் பிரெஞ்சுக்காரர் 1715இல் உரிமை கொண்டாடி, 1721 முதல் குடியேற்றினர். 1735இல் ஆளுநராக வந்த மாயே தெ லபூர்தொனே போர்ட் லூயிஸைத் துறைமுக நகரமாகக் கட்டியெழுப்பியபோது புதுச்சேரியிலிருந்து கைவினைஞரை வரவழைத்தார். (1746இல் சென்னையை ஆங்கிலேயரிடமிருந்து கைப்பற்றியவரும் இவரே. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் படித்தோருக்கு இவர் அறிமுகமானவர்.) 1768க்கும் 1770க்கும் இடையில் தீவில் இருந்த பெர்னார்தின் தெ சேன்-பியேர், 1773இல் வெளிவந்த தம் பயண நூலில், சில ஆண்டுகளுக்குத் தம்மை வாடகைக்கு விட்டுக்கொண்ட புதுச்சேரி இந்தியரைக் குறிப்பிடுகிறார், அவர்களுள் பெரும்பாலோர் தொழில்வினைஞர் என்கிறார். போர்ட் லூயிஸின் கிழக்குப் புறநகர் 'மலபார் முகாம்' என்று பெயர் பெற்றது. பிரெஞ்சுக்காரர் தமிழரைக் குறிக்க ஆண்ட சொல் 'மலபார்'. சந்தையில் ஒரு கீரைக்கு இன்றும் 'பிரெட் மல்பார்' என்று பெயர். மனிதரைக் குறிக்கையில் அச்சொல் தீவில் இழிவுப்பொருள் ஏற்றுவிட்டது. கீரையைக் குறிக்கையில் மட்டும் பழைய மரியாதையோடு இருக்கிறது.

இவர்களைத் தவிர, இந்தியாவிலிருந்து அடிமைகளாக விற்கப்பட்டு வந்தோரும் இருந்தனர். இவர்களைப் பற்றி நம் மேடைகள் பேசுவதில்லை. சுதந்திரக் கைவினைஞர் என்றால் பெருமை, கூலித்தொழிலாளர் என்றால் துயரம். இரண்டுக்கும் நம்மிடம் சொல்லாட்சி உண்டு. அடிமை என்றதும் நம் வரலாற்றுரை வாயடைத்துப் போகிறது. வீட்டுப்பணியிலும் சமையலிலும் இந்திய அடிமைகள் இருத்தப்பட்டனர் என்பதை எண்ணினால், பிரெஞ்சுக் குடும்பத்தின் அடுப்பங்கரையில் மலகாசிப் பெண்ணும் மொசாம்பிக் பெண்ணும் தமிழ்ப் பெண்ணும் ஒரே கூடையிலிருந்து காய் எடுத்திருக்கக் கூடும். கிரியோல் உருவான காலமும் அதுவே. இது ஊகம்தான். ஆயினும் சொற்களின் ஒலிவடிவம் இந்த ஊகத்துக்குத் துணைநிற்கிறது.

'பிபாங்காய்' எழுத்துத்தமிழின் பீர்க்கங்காயிலிருந்து நேரே வரவில்லை. ரகரம் கெட்ட 'பீக்கங்காய்' என்னும் பேச்சுவடிவமே அதன் தாய். பின்னர் இரண்டாம் அசையின் ககரம் முதலசையின் பகரத்தோடு ஒத்திசைந்தது. 'கோத்தோமிலி'யில் ஒலிப்பது 'கொத்துமல்லி'. 'கறிபிலே'யின் ஈற்று ஏகாரம், 'இலை' என்பதன் ஐகாரம் பேச்சில் எகரமாவதைக் காட்டுகிறது. 'ரஸோன்' இன்னும் நுட்பமானது: பேச்சுத்தமிழில் சொல்லீற்று 'அம்' மூக்கொலி உயிராகத் தேய்கிறது; பிரெஞ்சுக் காதுக்கு அது தன் மொழியின் மூக்கொலி உயிராகவே கேட்டிருக்கும். ஆக, இச்சொற்களைத் தந்தவர் ஏட்டைப் பார்த்துச் சொல்லவில்லை. பெற்றவரும் எழுதிக்கொள்ளவில்லை. அருகில் நின்று கேட்டிருக்கிறார்.

மற்றொன்றும் கவனத்துக்குரியது. 'பிபாங்காய்', 'ருகாய்' இரண்டிலும் 'காய்' உறைந்து கிடக்கிறது. 'கறிபிலே'யில் 'இலை' உறைந்து கிடக்கிறது. கிரியோல் பேசுவோருக்கு அவை பொருளுள்ள உறுப்புகள் அல்ல. எனவே புதிய காய் ஒன்று வந்தால் அதனோடு 'காய்' சேர்த்துப் பெயரிடுவதில்லை. சொல் கடன்பெறப்பட்டது, சொல்லாக்க விதி கடன்பெறப்படவில்லை. நம் நண்பர்கள் சிலர் 'மொரீஷியஸ் கிரியோல் தமிழின் கிளை' என்று எழுதிவருவதைப் பார்க்கிறேன். அம்மொழியின் சொற்றொகுதி பெரும்பாலும் பிரெஞ்சு. அதன் வினையமைப்பில் தமிழ் இலக்கணத்தின் தடயம் இல்லை. பெயர்ச்சொற்கள், அதிலும் அடுக்களைப் பெயர்கள் மட்டுமே தங்கின. அதிகாரம் இல்லாத நிலையில் ஒரு மொழி இன்னொன்றுக்குத் தரக்கூடியது பெரும்பாலும் இவ்வளவே.

காலக்கணிப்புக்குத் திரும்புகிறேன். இதே சொற்கள் ரீயூனியன் தீவிலும் உண்டு. அங்கே கறிவேப்பிலை 'கலுபிலே'. இரு தீவுகளுக்கும் பொதுவானவை பழைய சொற்கள் என்று முடிவு கட்டலாமா? கூடாது. 1860ஆம் ஆண்டு ஆங்கில-பிரெஞ்சு உடன்படிக்கைக்குப் பின் ரீயூனியனுக்கும் பெருந்தொகையான தமிழ்க் கூலித்தொழிலாளர் சென்றனர். இரு தீவுகளும் தனித்தனியே அதே சொல்லைப் பெற்றிருக்கலாம். ஆகவே நான் சேஷெல்ஸ் பக்கம் திரும்புகிறேன். 1770இல் அங்கு இறங்கிய முதல் குடியேற்றக் குழுவிலேயே ஐந்து இந்தியர் இருந்தனர். பின்னர் மொரீஷியஸைப் போலப் பெரும் கூலிக் குடியேற்றம் அங்கு நிகழவில்லை. அங்கும் 'பிரெட் முரூம்' உண்டு, 'கறிபிலே' உண்டு, 'ருகாய்' உண்டு. பிற்காலத்தில் தமிழ் வணிகர் அங்கே சென்றனர் என்பதால் இதுவும் முடிந்த முடிபன்று. எனினும், தராசு பதினெட்டாம் நூற்றாண்டின் பக்கம் சாய்கிறது என்பேன். பேக்கரும் ஹூக்கூம்சிங்கும் 1987இல் வெளியிட்ட கிரியோல் அகராதியையும் ஷோதன்சோனின் ரீயூனியன் சொற்றொகுதி ஆய்வையும் (1974) அருகருகே வைத்துப் படிக்க விரும்பும் மாணவருக்கு இங்கே ஓர் ஆய்வேட்டுக்கான பொருள் இருக்கிறது. கிரியோலின் பிறப்பிடம் குறித்து பேக்கரும் ஷோதன்சோனும் நெடுநாள் முரண்பட்டவர்கள் என்பதால் படிப்பு சுவையாகவும் இருக்கும்.

பெயர்கள் முந்தியவை என்றால் கூலித்தொழிலாளருக்குச் சந்தையில் பங்கில்லையா? உண்டு, அது வேறு வகைப் பங்கு. ஒப்பந்தம் முடிந்தவர்கள் தோட்டம் பயிரிட்டுக் காய் விற்கத் தொடங்கினர். 1867ஆம் ஆண்டின் சட்டம் இவர்களைப் 'பழைய குடியேறிகள்' என வகைப்படுத்தி, ஒளிப்படம் ஒட்டிய சீட்டை எப்போதும் உடன்வைத்திருக்கக் கட்டளையிட்டது. பதிவான மாவட்டத்தை விட்டு வெளியேறவும் அனுமதி வேண்டும். இல்லையேல் நாடோடிக் குற்றத்துக்குச் சிறை. அதாவது, பக்கத்து மாவட்டத்திலிருந்து ஒரு கூடைக் காயுடன் தலைநகர்ச் சந்தைக்கு நடந்து வருவதே கைதுக்குக் காரணமாகலாம். தோட்ட முதலாளிகளுக்கு வேண்டியதும் அதுவே: சந்தையில் பிழைப்பவன் மறு ஒப்பந்தத்தில் கைநாட்டு இடமாட்டான். 1871இல் அதோல்ஃப் தெ பிளெவிட்ஸ் முன்னின்று அளித்த விண்ணப்பத்தில் 9,401 பழைய குடியேறிகள் ஒப்பமிட்டனர். அதைத் தொடர்ந்து 1872இல் அரச ஆணையம் தீவுக்கு வந்தது.

அதே பத்தாண்டில் தீவின் நாணயமும் மாறியது. இந்திய ரூபாய் ஏராளமாகப் புழங்கியதால் 1876இல் மொரீஷியஸ் டாலரை விடுத்து ரூபாயையே சட்டப்படி ஏற்றனர். இன்று சந்தையில் கைமாறும் ஒவ்வொரு தாளிலும் தமிழ் எழுத்து உண்டு. 1998இல் புதிய தாள்களில் தமிழுக்கு முன் இந்தியை வைத்து அச்சிட்டபோது தமிழர் எதிர்த்தனர். தாள்கள் திரும்பப் பெறப்பட்டு, பழைய வரிசையில் மீண்டும் அச்சாயின. வீட்டில் தமிழ் பேசுவோர் மிகச் சிலரே எஞ்சிய தீவில், தாளில் தமிழ் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதற்கு அவ்வளவு உறுதியான போராட்டம். அதே தாளை நீட்டி வாங்கும் பிபாங்காயின் பெயர் யாருடையது என்று கேட்பார் இல்லை. அடையாளமாக அறியப்பட்டது காக்கப்படுகிறது. அடையாளம் மறந்ததோ யாரும் காக்காமலே, எல்லோர் வாயிலும் இருக்கிறது. இவ்விரண்டையும் ஒரே 'மொழி வாழ்வு' என்ற தலைப்பில் அடக்கும் நம் துறையின் வழக்கம் போதாது என்று எனக்குப் படுகிறது.

புதுச்சேரி, காரைக்கால் தொடர்பான பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு ஆவணங்களில் பணியாற்றும் நண்பர்கள் வீட்டுச் சரக்குப் பட்டியல்களிலோ கப்பல் உணவுக் கணக்குகளிலோ இக்காய்ப் பெயர்களை எந்த எழுத்துக்கூட்டலில் கண்டிருந்தாலும், ஆண்டுடன் கீழே குறிப்பிட வேண்டுகிறேன். குறிப்பாக, 'பிபாங்காய்' 1834க்கு முன் ஒரே ஓரிடத்தில் கிடைத்தாலும் போதும்.