காசு கொடுத்துச் சேமிக்கிறவர்கள்

போன டிசம்பரில் தங்கையும் மாப்பிள்ளையும் நாக்பூருக்கு வந்திருந்தார்கள். மாப்பிள்ளைக்குக் கானாவில் வேலை, தேமா துறைமுகத்துப் பக்கம் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறார். ராத்திரி எல்லோரும் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சாதாரணமாக ஒரு வரி சொன்னார்.

"எங்க ஆபீஸ் வாசல்ல ஒரு அம்மா கடை போட்டிருக்காங்க மச்சான். தினமும் காலையில அவங்ககிட்ட சுசு வாங்க ஆள் வருவாரு."

என் பையன் பிறந்து வளர்ந்தது எல்லாம் நாக்பூரில். அந்த வார்த்தைக்கு அவனுக்குத் தெரிந்தது இந்தி அர்த்தம் ஒன்றுதான். தோசை புரையேறி, அவன் அம்மா தலையில் தட்டி, தண்ணீர் கொடுத்து, ஒரே களேபரம். :-)

அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தார். சுசு என்றால் அங்கே சேமிப்பு. கடைக்கார அம்மா தினமும் ஒரே தொகையை, ஐந்து சீடி என்று வைத்துக்கொள்ளுங்கள், அந்த ஆளிடம் கொடுப்பார். அவர் ஒரு சின்ன அட்டையில் கட்டம் கட்டமாகக் குறித்துக்கொள்வார். அட்டையில் 31 கட்டம். மாசக் கடைசியில் பணத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது 30 நாள் பணம்தான் வரும். ஒரு நாள் பணம் வசூல்காரரின் கூலி.

"வட்டி?" என்றேன்.

"வட்டியா? அதான் ஒரு நாள் பணத்தை அவரே எடுத்துக்கறாரே!"

பையன் சிரித்தது வார்த்தைக்கு. நான் சிரித்தது கணக்குக்கு. பி.காம் படித்து, இருபது வருஷத்துக்கு மேல் வங்கியில் குப்பை கொட்டியவன் சும்மா இருப்பேனா? பேப்பரை எடுத்துப் போட்டேன். 31 நாளில் கட்டுவது 155 சீடி, திரும்பி வருவது 150. மாசம் முழுக்க வசூல்காரர் கையில் இருக்கும் சராசரித் தொகை 80 சீடி. அதற்கு ஐந்து சீடி கூலி என்றால் மாதத்துக்கு 6.25 சதவீதம், வருஷத்துக்கு 75 சதவீதம். அதுவும் மைனஸில்! உலகத்தில் எந்த முட்டாள் இப்படிச் சேமிப்பான் என்று மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டேன்.

ஆனால் அந்தக் கணக்கு மனசில் உறுத்திக்கொண்டே இருந்தது. இரண்டு மாதம் கிடைத்ததை எல்லாம் தேடிப் படித்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சுசுவின் வேர் நைஜீரியாவின் யொரூபா மக்களிடம் இருக்கிறது. அங்கே அதன் பெயர் எசுசு. பத்துப் பேர் சேர்ந்து ஆளுக்கு ஒரு தொகை போட்டு, முறை வைத்து ஒவ்வொருவராக மொத்தத்தையும் எடுத்துக்கொள்வது. நம் வீட்டுப் பெண்கள் பிடிக்கும் குலுக்கல் சீட்டேதான், குலுக்கல் மட்டும் இல்லை. 1952-ல் வில்லியம் பாஸ்கம் என்ற அமெரிக்க மானுடவியலாளர் இதைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறார்.

இதில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்த செய்தி ஒன்று. கப்பலில் சங்கிலி போட்டு அட்லாண்டிக் கடல் தாண்டிக் கொண்டுபோகப்பட்ட அடிமைகளோடு இந்தப் பழக்கமும் போயிருக்கிறது. டிரினிடாட் தீவில் இன்றைக்கும் சீட்டுக்குப் பெயர் சுசுதான். பஹாமாஸில் அசு. உடம்பையே விலைக்கு வாங்கப்பட்ட மனிதர்கள் கொண்டுபோக முடிந்த சில விஷயங்களில், ஒருத்தரை ஒருத்தர் நம்பிப் பணம் கொடுக்கிற வழக்கமும் ஒன்று.

வீடு வீடாக, கடை கடையாக வந்து வாங்கும் வசூல்காரர் இதிலிருந்து கிளைத்த இன்னொரு வகை. யொரூபாவில் அவருக்கு அலாஜோ என்று பெயர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த முறை நைஜீரியாவிலிருந்து கானாவுக்கு வந்தது என்கிறார்கள்.

அலாஜோக்களில் ஒருவர் பழமொழியாகவே ஆகிவிட்டார். லேகோஸ் நகரத்தில் சொமொலு என்ற பகுதியில் வசூல் செய்தவர், அதனால் அலாஜோ சொமொலு. 1915-ல் பிறந்து 2012-ல் காலமானார். மூன்று வருஷம் ஒரு பெயரைக்கூட எழுதி வைக்காமல் வசூல் செய்து, எல்லோருக்கும் சரியாகத் திருப்பிக் கொடுத்தாராம். இன்றைக்கும் புத்திசாலிப் பிள்ளையைப் பார்த்தால் 'அலாஜோ சொமொலு மூளை' என்பார்கள். காரை விற்றுச் சைக்கிள் வாங்கியவர் என்றும் அவரைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. என் ஆடிட்டர் நண்பரிடம் சொன்னேன். "லெட்ஜரே இல்லையா? எனக்கு நெஞ்சு வலிக்குது" என்றார். :-)

சரி, ஏன் காசு கொடுத்துச் சேமிக்கிறார்கள்?

முதல் காரணம் எளிது. சந்தையில் தக்காளி விற்கிற அம்மா ஐந்து சீடியைக் கட்ட வங்கிக்குப் போய் வரிசையில் நின்றால், கடையை யார் பார்ப்பது? அரை நாள் வியாபாரம் போய்விடும். அதோடு பார்த்தால் மாசத்துக்கு ஒரு நாள் பணம் கூலி என்பது மலிவு.

இரண்டாவது காரணம் உறவு. கையில் காசு இருப்பது தெரிந்தால் கல்யாணம், காரியம், மருந்துச் செலவு என்று சொந்தக்காரர் வந்து நிற்பார். கேட்டால் இல்லை என்று சொல்ல முடியாது. 'சுசுக்காரர் வாங்கிக்கொண்டு போய்விட்டார்' என்று சொல்லலாம், அது பொய்யும் இல்லை. இது நமக்குப் புரியாத விஷயமா என்ன!

மூன்றாவது காரணம் வரலாறு. என் மைனஸ் 75 சதவீதக் கணக்கு அடிபட்டது இங்கேதான்.

கானாவின் பணத்துக்குச் சீடி என்று பெயர் வந்ததே, சோழிக்கு அக்கான் மொழியில் இருக்கும் சொல்லிலிருந்து. மாலத்தீவுச் சோழி வங்காளம், இலங்கை வழியாக ஐரோப்பாவுக்குப் போய், அங்கிருந்து மேற்கு ஆப்பிரிக்காவுக்கு மூட்டை மூட்டையாக வந்தது. அடிமைகளுக்கு விலையாகக்கூட அதைக் கொடுத்தார்கள். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஐரோப்பிய வியாபாரிகள் கிழக்கு ஆப்பிரிக்கக் கடற்கரையிலிருந்து மலிவான வேறு வகைச் சோழியைக் கப்பல் கப்பலாகக் கொண்டுவந்து கொட்டினார்கள். சோழியின் மதிப்பு சரிந்தது. பானையில் சேர்த்து வைத்திருந்தவர்களின் சேமிப்பு அப்படியே கரைந்தது.

அது பழைய கதை. 1979 மார்ச்சில் கானா அரசு பழைய நோட்டுகளைச் செல்லாது என்று அறிவித்தது. 5,000 சீடி வரை பத்துக்கு ஏழு, அதற்கு மேல் பத்துக்கு ஐந்து என்று புது நோட்டு கொடுத்தார்கள். ரொக்கமாக வீட்டில் வைத்திருந்தவர்களுக்கு அடி. அதே வருஷம் ஆகஸ்டில், விலைவாசிக்கும் பதுக்கலுக்கும் சந்தைப் பெண்கள்தான் காரணம் என்று சொல்லி, 1924-ல் கட்டிய அக்ராவின் மகோலா சந்தையை ராணுவத்தினர் வெடி வைத்துத் தகர்த்தார்கள். 1982-ல் 50 சீடி நோட்டு செல்லாது என்றார்கள். கூடவே 50,000 சீடிக்கு மேல் இருந்த வங்கிக் கணக்குகளை முடக்கினார்கள். இந்தத் தடவை அடி வங்கியை நம்பியவர்களுக்கு. அடுத்த வருஷம், 1983-ல், பணவீக்கம் 120 சதவீதத்தைத் தாண்டியது.

வீட்டில் வைத்தாலும் போச்சு, வங்கியில் வைத்தாலும் போச்சு. மாசத்துக்கு ஒரு நாள் பணம் மட்டும் எடுத்துக்கொண்டு, மாசக் கடைசியில் மொத்தமாகத் திருப்பித் தருகிற தெரிந்த முகத்தை அந்த அம்மா நம்பாமல் வேறு யாரை நம்புவார்? வாங்கிய பணத்தில் உடனே சரக்கு எடுத்துவிடுவார். பணவீக்கம் தின்ன அங்கே ஒன்றும் மிச்சமிருக்காது.

சுசுக்காரர்கள் எல்லோரும் அரிச்சந்திரன் என்று சொல்ல வரவில்லை. பணத்தோடு ஓடிப்போனவர்களும் உண்டு. 2011-ல் கானாவின் மத்திய வங்கி அவர்களையும் விதிமுறைக்குள் கொண்டுவந்து, நான்காவது அடுக்கு என்று வகைப்படுத்தியது. ஆனால் 2019 மே மாதம் அதே மத்திய வங்கி 347 மைக்ரோ ஃபைனான்ஸ் கம்பெனிகளின் உரிமத்தை ரத்து செய்தது. போர்டு மாட்டி, ஏசி போட்டு உட்கார்ந்திருந்தவர்களும் மூழ்கத்தான் செய்தார்கள்.

இப்போது என் கதை.

நம் நாட்டிலும் இது உண்டு. உடுப்பியில் தொடங்கிய சிண்டிகேட் வங்கி, 1928-லேயே தினம் இரண்டணா வீதம் வாசலுக்கு வந்து வாங்கும் பிக்மி டெபாசிட்டை ஆரம்பித்தது. அந்த வங்கி 2020 ஏப்ரலில் கனரா வங்கியோடு இணைந்துவிட்டது. பிக்மி என்ற பெயர் மட்டும் இந்தப் பக்கமெல்லாம் தினவசூலுக்கே பொதுப் பெயராக நின்றுவிட்டது.

2008-ல் நான் விதர்பாவில் ஒரு சின்ன ஊர்க் கிளையில் இருந்தேன். தினவசூல் ஏஜெண்டுகளுக்குக் கொடுக்கும் கமிஷன் கட்டுப்படியாகிறதா என்று பார்த்து அறிக்கை அனுப்பச் சொன்னார்கள். கணக்குப் போட்டேன், கட்டுப்படியாகவில்லை. நிறுத்தலாம் என்று எழுதினேன். நிறுத்திவிட்டார்கள். நல்ல அறிக்கை என்று பாராட்டும் வந்தது.

ஒரு வருஷம் கழித்து, கிளைக்கு எதிரே காய்கறி விற்கும் ஒரு அம்மாவிடம் வெங்காயம் வாங்கும்போது சும்மா கேட்டேன், இப்போது பணம் போட வருவதில்லையா என்று. "நீங்க ஆளை அனுப்பறதை நிறுத்திட்டீங்களே சாகேப்" என்றார் மராத்தியில். "உங்க வாசல் எதிர்லதான் இருக்கு. ஆனா கடையை விட்டு எப்படி வர்றது? கையில இருந்தது கையிலயே செலவாயிடுச்சு. பொண்ணு காலேஜ் ஃபீஸுக்கு வட்டிக்குத்தான் வாங்கினேன்." கோபமே இல்லாமல் சொல்லிவிட்டு, கொசுறாக ஒரு கொத்து கொத்தமல்லியும் போட்டுக் கொடுத்தார்.

அன்றைக்கு வெங்காயத்தோடு வீட்டுக்கு வந்தவன் அதை மறந்துவிட்டேன், அல்லது மறந்துவிட்டதாக நினைத்திருந்தேன். தேமாவில் கடை வைத்திருக்கும் முகம் தெரியாத ஒரு அம்மாவின் அட்டை ஞாபகப்படுத்திவிட்டது. 2008-ல் போட்ட கணக்கும் சரி, டிசம்பரில் தோசைத் தட்டுக்குப் பக்கத்தில் போட்ட கணக்கும் சரி, கூட்டல் கழித்தலில் தப்பே இல்லை. கடையை விட்டு எழுந்து வர முடியாத அந்த அம்மாவுக்கு மட்டும் இரண்டிலும் இடம் இல்லை.

போன வாரம் மாப்பிள்ளை போன் செய்தார். அங்கேயும் இப்போது மொபைலில் பணம் அனுப்புவது பெருகிவிட்டதாம். "ஆனா ஆபீஸ் வாசல் அம்மா இன்னும் சுசுதான் மச்சான்" என்றார். முட்டாள் என்று சொன்னது தப்பு என்று அவரிடம் ஒப்புக்கொண்டேன்.

உங்கள் அம்மாவோ பாட்டியோ சீட்டுக்கோ தினவசூலுக்கோ பணம் கட்டியிருப்பார்கள். ஏன் வங்கியில் போடவில்லை என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். காரணம் இருக்கும். கேட்டதை எனக்கும் எழுதுங்கள்.