இருபது மெகாவாட் புகை

நிலக்கரிப் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிரிக்கவே முடியாது என்று யாராவது சொன்னால் நான் மவுண்டனீர் கதையைச் சொல்வேன். பிரித்தார்கள். ஒன்றரை வருஷத்துக்கு மேல் பிரித்தார்கள். அப்புறம் நிறுத்திவிட்டார்கள்.

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில், ஒஹையோ ஆற்றங்கரையில் நியூ ஹேவன் என்று ஒரு சிற்றூர். அங்கே 1980 முதல் ஓடுகிற 1,300 மெகாவாட் அனல்மின் நிலையம்தான் மவுண்டனீர். 2009-ல் அதன் உரிமையாளரான அமெரிக்கன் எலக்ட்ரிக் பவர், பிரெஞ்சு நிறுவனமான ஆல்ஸ்டாமோடு சேர்ந்து, 20 மெகாவாட்டுக்கு ஈடான புகையை மட்டும் ஒரு சோதனைக் கூடத்துக்குத் திருப்பிவிட்டது. செய்முறை கேட்பதற்கு எளிதுதான். புகையைக் குளிரவைத்து அம்மோனியக் கரைசல் வழியாக அனுப்பினால் கரியமில வாயு அதில் ஒட்டிக்கொள்ளும். கரைசலைச் சூடாக்கினால் பிரிந்துவிடும். அதை அழுத்தி, ஆலை வளாகத்திலேயே துளையிட்டு, சுமார் 2,400 மீட்டர் ஆழத்துப் பாறைக்குள் செலுத்தினார்கள். சூடாக்கவும் அழுத்தவும் வேண்டிய ஆற்றலை அதே நிலையம்தான் தரவேண்டும். விற்க வேண்டிய மின்சாரத்தில் ஒரு பங்கை இந்த வேலையே தின்றுவிடும். செலவு அங்கேதான் ஏறுகிறது.

2011 மே மாதம் சோதனை முடிந்தபோது பாறைக்குள் போயிருந்தது ஏறக்குறைய 37,000 டன். முழு வேகத்தில் ஓடினால் அந்த நிலையம் இரண்டு நாளில் ஊதித் தள்ளிவிடும். சிரிப்பு வரலாம். ஆனால் சோதனை என்றால் சின்னதாகத்தானே தொடங்கும்? அடுத்த கட்டம் 235 மெகாவாட். 66.8 கோடி டாலர் செலவில் பாதியைத் தர மத்திய அரசும் தயாராக இருந்தது.

மீதிப் பாதியை யார் கொடுப்பது? கார்பனுக்கு விலை வைக்கும் மசோதா 2009-ல் கீழவையில் 219-212 என்று தப்பிப் பிழைத்து, 2010-ல் செனட்டில் வாக்கெடுப்புக்கே வராமல் செத்துப்போனது. முதற்கட்டச் சோதனையின் செலவை மக்களின் கரண்ட் பில்லில் சேர்க்க அதே ஆண்டு வர்ஜீனியாவின் ஒழுங்குமுறை ஆணையமும் மறுத்துவிட்டது. அந்த ஆணையத்தின்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. சட்டம் கட்டாயப்படுத்தாத ஒரு வேலைக்கு நான் ஏன் கட்டணும் என்று, அந்த ஊரில் இருந்திருந்தால் நானும்தான் கேட்டிருப்பேன். 2011 ஜூலையில் அடுத்த கட்டத்தைக் கிடப்பில் போட்டார்கள்.

2014-ல் கனடாவின் சஸ்காச்சுவன் மாகாணத்தில், பௌண்டரி டேம் நிலையம் இதை வணிக அளவில் செய்துகாட்டியது. அது அரசு நிறுவனம். அதோடு, பிடித்த வாயுவை வாங்க ஆளும் இருந்தது: எண்ணெய் வயல்காரர்கள். அதை நிலத்துக்குள் செலுத்தினால், மிச்சமிருக்கும் எண்ணெய் மேலே வருமாம்.